பெருமாள் கட்டிய முடிச்சு

பண்டாரவளையில் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு ஹோட்டலில், வேலை பழகும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை பேச வேண்டுமென்று என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது, தலைப்புதான் தொண்டையில் சிக்கிக்கொண்டது. 'புக்கிங் ரத்தாகும்போது நமது கடமைகள்' என்று பலகையில் எழுதி வைத்திருந்தார்கள். ஒரு பிள்ளை எழுந்து, உங்கள் காலத்தில் கேன்சல் பண்ணினால் என்ன ரூல் என்று கேட்டது. "நூலை அவுக்கிறதுதான் ரூல்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். கிழவன் பகிடி விடுகிறான் என்று நினைத்திருப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். எனக்குக் கோபம் எப்போதும் தாமதமாகத்தான் வரும். அன்றைக்கு தியத்தலாவை தாண்டியதும் வந்தது. அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் ஹாலிஎலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவன். அறுபதுகளின் நடுவில் பதுளையில் ஸாலிஹ் முதலாளியின் விடுதியில் சேர்ந்தேன். ஸ்டேஷனிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கிற தூரம். கீழே சாப்பாட்டுக் கடை, மேலே அறைகள், பின்புறம் முதலாளியின் வீடு. முதல் சில வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கூட்டினேன், படுக்கை விரித்தேன், தேத்தண்ணீர் தூக்கினேன், மாடிப்படியில் தட்டோடு விழுந்தேன். இங்கிலீஷ் கடிதத்தை எழுத்துக்கூட்டி வாசிக்கிறேன் என்று தெரிந்ததும் மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள். தட்டு உடைகிற செலவாவது மிச்சம் என்று நினைத்திருக்கலாம்.

மேசைக்கு வந்த முதல் நாளே முதலாளி சாவி கட்டுகிற முறையைக் காட்டித் தந்தார். ஒவ்வொரு அறைக்கும் இரண்டு சாவிகள். ஒன்று ஆணியில் தொங்கும், அன்றாடம் வருகிறவர்களுக்கு. மற்றது அவருடைய மேசை லாச்சியில், இழுப்பறையில், இருக்கும். யாராவது முன்கூட்டியே அறை கேட்டு வந்தால் அந்த இரண்டாவது சாவியை எடுத்து அவர்கள் முன்னால் வைக்க வேண்டும். பக்கத்தில் சிவப்பு நூல். வந்தவர் தன் கையால் சாவி வளையத்தில் நூலைக் கட்ட வேண்டும். கட்டியதும் தேதி எழுதிய துண்டைச் செருகுவோம், சாவி திரும்பவும் லாச்சிக்குள் போய்விடும். அந்தத் தேதிக்கு அந்த அறை இனி எங்களுடையதில்லை. முற்பணம் கிடையாது. வரவில்லையென்றால் கட்டியவரோ அவருடைய இரத்த உறவோ வந்து முடிச்சை அவிழ்க்க வேண்டும், அவ்வளவுதான். கடிதத்தில் அறை கேட்கிறவர்களுக்கு முதலாளியே பிஸ்மி சொல்லிக் கட்டுவார்.

"இது அமானிதம் மகன். மத்தவன்ட சாமான் நம்மட்ட இரிக்கிற மாதிரி" என்றார். வேறு விளக்கம் தரவில்லை.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஏதாவது சிக்கல் வந்தால் தொப்பியைக் கழற்றுவார், தலையைத் தடவுவார், திரும்பவும் தொப்பியைப் போடுவார். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை வரும். தொப்பி கழன்ற நேரத்தில் நாங்கள் யாரும் வாயைத் திறப்பதில்லை. திறந்தால் கேட்காதவர் போல இருந்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தலையைத் தடவுவார்.

ஒருமுறை ஒரு கல்யாணத்துக்காக மூன்று அறைக்குச் சாவி கட்டியிருந்தார்கள். கல்யாணம் நின்றுபோனது. பெண்ணின் தகப்பன் நூல் அவிழ்க்க வந்தார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்களே, அன்றைக்குச் சாப்பாட்டுக் கடையில் இருந்த வாய்கள் எல்லாம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. முதலாளி எழுந்து வந்து, சாவிகளை ஒரு தட்டில் வைத்து, அவரைத் தன் வீட்டுக் கூடத்துக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து நின்றார். அந்த மனுஷன் தனியாக இருந்து மூன்று முடிச்சையும் அவிழ்த்தார். ரத்துசெய்ய வருகிறவனுக்கும் ஒரு மரியாதை உண்டு என்று நான் படித்தது அன்றைக்குத்தான்.

ஆனால் தோட்டத்துச் சனங்கள் பெரும்பாலும் அவிழ்க்க வருவதே இல்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கே, தோட்டத்தில் பிறந்தவனுக்கே, கொஞ்சக் காலம் எடுத்தது. காலையில் வேலைக்கு ஆள் எண்ணுகிற பெரட்டில் பேர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் கங்காணிக்குப் பதில் சொல்ல முடியாது. அதனால் அண்ணனுக்கு முடியவில்லையென்றால் தம்பி போய் நிற்பான். பேரைக் கொடுத்த இடம் காலியாகக் கிடக்கக் கூடாது. அதே வழக்கத்தை அவர்கள் விடுதிக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். ஒருமுறை ஒருவர் சாவி கட்டிவிட்டுக் காய்ச்சலில் படுத்துவிட்டார். அவருடைய மச்சான் பசறைக்கு அந்தப் பக்கமிருந்து பஸ் ஏறி வந்து, "அவரு பேருக்கு நான் வந்துருக்கேங்க. இப்பவே படுக்கணுங்களா?" என்று மத்தியான வெயிலில் என்னிடம் கேட்டார். பதுளையில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. வாடகையையும் கொடுத்து, படுத்தெழும்பி, காலையில் போய்விட்டார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். முதலாளி சிரிக்கவில்லை.

இனி பெருமாளின் கதைக்கு வருகிறேன். எழுபதுகளின் பிற்பகுதி. தோட்டத்துச் சனங்களில் இந்தியக் குடியுரிமைக்குப் பதிந்தவர்கள் கப்பல் தேதி கிடைத்துக் கிடைத்துப் போய்க்கொண்டிருந்தார்கள். பதுளையில் ரயிலேறி, தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பல். எங்கள் ஸ்டேஷனில் அந்த ரயில் புறப்படும் காலைகளில் எழும் அழுகை கடை வரைக்கும் கேட்கும்.

லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து பெருமாள் வந்தார். வேட்டிக்கு மேல் கறுப்புக் கோட்டுப் போட்ட, ஒடிசலான மனிதர். பெண்சாதியும் இரண்டு பையன்களும் அவரும் இந்தியாவுக்குப் போகிறார்கள். மூத்த மகள் பஞ்சவர்ணத்தை மொனராகலைக்கும் அப்பால், காடு வெட்டிப் பயிர் செய்கிற ஒரு சேனைக்காட்டில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை இலங்கைக்குப் பதிந்தவர். ஆகவே மகள் இங்கே, மற்றவர்கள் அங்கே. மகளுக்கு முதல் பிள்ளை, ஏழாம் மாதம் நடந்துகொண்டிருக்கும். ரயிலுக்கு முந்தின நாள் அவளை இங்கே வரச்சொல்லி ஏற்கெனவே சொல்லி அனுப்பியாகிவிட்டதாம். அம்மா அவளுக்கு வளையல் போட்டுவிட்டுத்தான் கப்பலேற வேண்டும்.

"தோட்டத்துல பேர வெட்டுனதும் நாங்க இருக்குற காம்பிராவ விட்டுக் குடுத்துறணுங்க. லயத்துல எங்களுக்கு எடமில்ல. புள்ள வந்தா எங்க உக்காரும்? ஒரு நாளைக்காச்சும் தாய்வீடுன்னு ஒரு கதவு வேணுமில்லீங்களா" என்றார்.

ஆறாம் நம்பர் அறைச் சாவியை எடுத்து வைத்தேன். அவர் கோட்டில் கையைத் துடைத்துக்கொண்டு முடிச்சுப் போட்டார். கொழுந்து மூட்டைக்குப் போடுகிற மாதிரி ஒரு முடிச்சு. இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கையை எடுத்தார்.

அதற்குப் பிறகு வந்ததுதான் கொழும்பு ஒப்பந்தம். முதலாளியின் மருமகன் நவாஸ், கொழும்பில் ஒரு பெரிய ஹோட்டலில் வேலை பழகி வந்தவர். கெட்டிக்காரர், நல்ல மனிதரும்கூட. அப்போது வெள்ளைக்காரச் சுற்றுலாக்காரர்கள் துன்ஹிந்த நீர்வீழ்ச்சியைப் பார்க்க வரத் தொடங்கியிருந்தார்கள். எங்களுக்கோ பல வருஷமாக அறைகள் பாதி காலி. நவாஸ் நடையாய் நடந்து ஒரு சுற்றுலாக் கம்பனியைப் பிடித்தார். பருவம் முழுக்க ஆட்களை அனுப்புவார்கள், வருகிற நாட்களில் மாடி முழுவதையும் கொடுக்க வேண்டும், ஓர் அறை குறைந்தாலும் மிச்ச நாட்களையெல்லாம் ரத்துசெய்யும் உரிமை கம்பனிக்கு உண்டு. கையெழுத்தான பிறகு பார்த்தால், முதல் கூட்டம் வருகிற தேதியும் பெருமாள் கட்டிய தேதியும் ஒன்று.

பெருமாளுக்குக் கடிதம் போட்டு வேறு விடுதியில் இடம் பார்த்துக் கொடுப்போம், செலவை நாமே ஏற்போம் என்றார் நவாஸ். எனக்கு அது நியாயமாகவே பட்டது. கேட்டுப் பார்ப்பதில் என்ன நஷ்டம்?

தொப்பி கழன்றது. திரும்பவும் ஏறியது.

"கேட்டா சரிண்டுதான் செல்லுவாரு" என்றார் முதலாளி. "இல்லண்டு செல்லத் தெரியாத மனிசன்ட கேக்குறது கேள்வியில்ல மகன், உத்தரவு."

அதோடு பேச்சு முடிந்தது. ஓர் அறை குறையும் என்று நவாஸ் கம்பனிக்கு எழுதினார். ஒப்பந்தத்தைத் திரும்ப வாசித்துப் பார்க்கும்படி பதில் வந்தது. அவர் வாசித்தார். வாசித்தால் மாறுமா?

அந்த நாளும் வந்தது. மத்தியானம் லுணுகலை பஸ்ஸில் வந்து இறங்கியது பெருமாள் இல்லை. தலைப்பாகை கட்டிய வயதானவர் ஒருவர், கையில் ஒரு துணிமூட்டையும் அட்டைப்பெட்டியும். "பெருமாள் பேருக்கு வந்துருக்கேங்க" என்றார். பெயர் கருப்பையா, பெருமாளுடைய மனைவியின் அண்ணன். பெருமாள் எங்கே என்று கேட்டேன்.

"போயிட்டாங்களே. போன கெழமையே கப்பல் ஏறிட்டாங்க."

முந்தின கப்பலில் இடமிருக்கிறது, உடனே கிளம்பு என்று தோட்டத்து ஆபீசில் சொல்லிவிட்டார்களாம். பல குடும்பங்களை ஒரே லொறியில் ஏற்றி நேரே ஸ்டேஷனில் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள். சாமான்களைப் போட்டுவிட்டு விடுதிக்கு வந்து சொல்லக்கூட நேரமில்லை.

பக்கத்தில் நின்ற நவாஸின் முகத்தில் வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். வாடகைக்கு எடுத்தவர் நாட்டிலேயே இல்லை. அறை தானாகவே ரத்தாகிவிட்டது. மாலையில் கம்பனி பஸ் வரும்போது மாடி முழுவதும் தயாராக இருக்கும். தெய்வாதீனம் என்பது இதுதானே. எனக்கும் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது போலத்தான் இருந்தது. பெரியவரிடம் பக்குவமாகச் சொன்னேன்: அவர்கள் போய்விட்டதால் நீங்கள் பேருக்காகத் தங்க வேண்டியதில்லை, எங்களுக்கு ஒரு மனக்குறையும் இல்லை, அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போகலாம்.

அவர் அசையவில்லை. "புள்ள வருமேங்க" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மகளுக்கு யாரும் சொல்லவில்லை. கடிதம் போட்டால் அந்தச் சேனைக்காட்டுக்குப் போய்ச் சேர எத்தனையோ நாள் ஆகும். தந்தி அடிக்கலாமென்று யாரோ சொன்னார்களாம். பெருமாளின் மனைவி காலில் விழாத குறையாகத் தடுத்துவிட்டாள். எங்கள் சனங்களுக்குத் தந்தி வந்தால் சாவு என்று அர்த்தம். ஏழு மாதக்காரி அதைக் கையில் வாங்கினால் படித்துப் பார்ப்பதற்குள் என்ன ஆகுமோ. ஆகவே ஸ்டேஷனில், ரயில் நகர்கிற நேரத்தில், பெருமாள் மச்சானின் கையைப் பிடித்துச் சொல்லியிருக்கிறார்: சாவி கட்டியிருக்கிறேன், அந்த நாளில் நீ போய் அறையைத் திறந்து வை.

முதலாளி உள்ளேயிருந்து வந்து எல்லாவற்றையும் கேட்டார். நவாஸ் மெதுவாக, கீழே கடையில் ஓர் ஓரமாக இருவரையும் உட்கார வைத்துப் பேசவிடலாமே மாமா, அறையே வேண்டுமென்று இல்லையே என்றார். அதுவும் தவறான பேச்சு இல்லை.

தொப்பி கழன்றது. அந்த முறை வெகுநேரம் கையிலேயே இருந்தது. பருவம் முழுவதற்குமான சோறு அந்தத் தொப்பிக்குள் இருந்தது என்று எனக்குத் தெரியும். பிறகு அவர் கருப்பையாவைப் பார்த்துக் கேட்டார்.

"நீங்க என்னத்துக்கு அறைக்குள்ளதான் இரிக்கோணும்ண்டு நினைக்கிறீங்க?"

"ரோட்டுல வச்சு சொல்ற சேதியாங்க இது? கதவத் தொறந்து, உக்கார வச்சு, தண்ணி குடுத்துட்டுத்தான் சொல்லணும். அவங்க அப்பன் பேருக்கு நான் நிக்கிறேங்க. நான் தாய்மாமன்."

முதலாளி லாச்சியைத் திறந்து ஆறாம் நம்பர் சாவியை அவர் கையில் கொடுத்தார். வழக்கமாக அறைக்குள் போகுமுன் நூலை அவிழ்க்க வேண்டும். கருப்பையா முடிச்சைப் பார்த்துவிட்டு, மச்சான் கட்டியது, அவருடைய இரத்தம் வந்து அவிழ்க்கட்டும் என்று அப்படியே கொண்டுபோனார். முறையை எங்களுக்கே சொல்லித் தந்தார்!

மொனராகலை பஸ்ஸில் பஞ்சவர்ணம் வந்தாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. ஒரு பையில் வறுத்த சோளம், நிலக்கடலை. தம்பிமார் கப்பலில் கொறிப்பதற்காம். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "அம்மா வந்துட்டாங்களா அண்ணே?" என்றாள்.

மேலே மாமா இருக்கிறார் என்று மட்டும் சொன்னேன்.

"மாமாவும் வந்துருக்காரா!" என்றாள். அந்த முகத்தில் வந்த சந்தோஷம் இன்றைக்கும் என்னை விட்டுப் போகவில்லை. படியில் கையை ஊன்றி ஊன்றி ஏறிப் போனாள். கதவு திறந்தது, மூடியது. பிறகு அவள் அழுகிற சத்தம் கீழே வரைக்கும் கேட்டது. சமையற்காரர் ரேடியோவை நிறுத்தினார். கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நவாஸ் எதையோ தேடுகிறவர் போல மேசைக்குக் கீழே குனிந்தார். நிமிர வெகுநேரம் எடுத்தார்.

பிறகு கருப்பையா அட்டைப்பெட்டியோடு கீழே இறங்கி வந்தார். தங்கச்சி கொடுத்துவிட்டுப் போன வளையல்கள், பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்கள். வேப்பங்குச்சியை வளைத்துச் செய்த காப்பும் ஒன்று இருந்தது. வளையலைப் பெண்கள்தான் போட வேண்டும், அவளுடைய அம்மா, சின்னம்மா எல்லோரும் அதே கப்பலில் போய்விட்டார்கள் என்றார்.

முதலாளி பின்வீட்டுக்குப் போனார். அவருடைய மனைவியை நாங்கள் உம்மா என்போம். கடைப்பக்கம் அவர் வந்ததே கிடையாது. அன்றைக்கு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கையில் ஒரு கோப்பைச் சீனியோடு பின்படிக்கட்டால் மாடி ஏறினார். நான் தண்ணீர்க் கூஜாவோடு பின்னால் போனேன்.

"உங்கட மொறை எனக்குத் தெரியா மகள். என்ன செய்யோணும்ண்டு நீங்க செல்லுங்க, நான் செய்றேன்" என்றார்.

பஞ்சவர்ணம் கையை நீட்டினாள். முதலில் வேப்பங்காப்பு என்று மாமன் வாசலில் நின்று சொன்னார். உம்மா போட்டார். பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணாடி வளையல். ஒன்றுகூட உடையவில்லை. கடைசி வளையல் ஏறியதும் அவள் உம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். உம்மா அந்த முதுகைத் தடவியபடியே இருந்தார். நான் கூஜாவை வைத்துவிட்டு இறங்கிவிட்டேன்.

மாலையில் கம்பனி பஸ் வந்தது. கம்பனி ஆள் எண்ணிப் பார்த்து முகத்தைச் சுளித்தார். நவாஸ் யாரும் சொல்லாமலே தன் சொந்த அறையிலிருந்த தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்து, இரண்டு வெள்ளைக்காரர்களை அங்கே படுக்க வைத்தார். அவர்களுக்குக் கொண்டாட்டம். கம்பனிக்கு இல்லை. அடுத்த கூட்டம் வரவில்லை, அதற்கடுத்ததும் வரவில்லை. ஒப்பந்தப்படி அவர்கள் செய்தது சரி. நாங்கள் மறுபடியும் பாதி காலி அறைகளோடு காலத்தை ஓட்டினோம். அந்த நாளை நவாஸ் ஒருபோதும் சொல்லிக் காட்டியதில்லை. மாமாவோடு அவர் பிறகு சண்டை போட்டதெல்லாம் வேறு விஷயங்களுக்கு.

மறுநாள் காலையில் பஞ்சவர்ணம் சாவியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். வளையல்கள் சலசலத்தன. நூல் அப்படியே இருந்தது. முறைப்படி, நீதான் அவிழ்க்க வேண்டும் தங்கச்சி என்றேன். அவள் முடிச்சின் மேல் விரலை வைத்தாள், எடுத்தாள்.

"வேணாண்ணே. அப்பா கட்டுனது. அவுத்தா முடிஞ்சு போயிரும்ல."

நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் தொப்பியைத் தொடக்கூட இல்லை. சாவியை வாங்கி லாச்சிக்குள் வைத்து, "அப்ப புக்கிங் இன்னும் நிக்கிது" என்றார். அவளிடம் பேறுகாலம் எப்போது என்று மட்டும் கேட்டுக்கொண்டார். மற்ற நாட்களில் ஆறாம் நம்பரை ஆணியில் தொங்கிய சாவியால் வாடகைக்கு விட்டோம். அவள் சொன்ன மாதம் பிறந்ததும், அந்த அறைக்கு ஆள் இருக்கிறது என்று வருகிறவர்களிடம் சொல்லச் சொன்னார். கேட்டவர்களுக்குச் சொன்னேன். நவாஸும் சொன்னார்.

மழை பிடித்திருந்த ஒரு மத்தியானம் மொனராகலை பஸ் வந்து நின்றது. பதுளை ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற வந்திருந்தாள் பஞ்சவர்ணம். புருஷன் குடையைப் பிடித்துக்கொண்டு தயங்கித் தயங்கி நின்றார். விடுதிக்கு வருகிற எல்லோரும் முதலில் கேட்பது அறை இருக்கிறதா என்றுதான். அவள் கேட்கவில்லை. தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு வருகிறவள் எங்கேயாவது இடமிருக்கிறதா என்று கேட்பாளா?

"சாவிய குடுங்கண்ணே" என்றாள்.

லாச்சியைத் திறந்து நூலோடு எடுத்துக் கொடுத்தேன். வழி காட்ட வேண்டியிருக்கவில்லை. நான் பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு அவளுக்குப் பின்னால் படியேறினேன்.